மலை நிறையக் காய்கறி, நம் தட்டிலோ ஒரு கரண்டி!



கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் தினந்தோறும் எத்தனை லாரிகள் இறங்குகின்றன என்பது நமக்குத் தெரியும். புளூ வேலி, கோலா தெர்லா, திரிங்காப் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த முட்டைக்கோஸ், தக்காளி, சாவிக் கீரை, பீன்ஸ், வெங்காயத்தாள் எல்லாம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகின்றன. சிங்கப்பூர் வரைக்கும் போகின்றன. நாட்டுக்கே காய்கறி கொடுக்கும் மலை இது. இந்த மலையில் குடியிருக்கிற நம் வீட்டுத் தட்டில் மட்டும் காய்கறி எவ்வளவு இருக்கிறது? சோறு மலை போல இருக்கும். குழம்பு இருக்கும். கருவாடோ கோழியோ இருக்கும். காய்கறி ஒரு கரண்டி. சில நாள் அதுவும் கிடையாது.

இந்த ஒரு கரண்டிக் கணக்கைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம். இருதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் இதற்கும் நேரடியான சம்பந்தம் உண்டு.

நம் நாட்டு நிலைமை

மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு மருத்துவர் சான்று பெற்ற மரணங்களில் 17 விழுக்காடு இருதய இரத்தக் குழாய் அடைப்பினால் நேர்ந்தவை. எந்த வியாதியும் அந்த ஆண்டு அதைவிட அதிகம் பேரைக் கொண்டுபோகவில்லை. சுகாதார அமைச்சு 2023-இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், பெரியவர்களில் 100 பேருக்கு 29 பேர் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், 33 பேர் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்கள், 15 பேருக்கு மேல் இனிப்புநீர் உள்ளவர்கள் என்று தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. தேவையான அளவு பழமும் காய்கறியும் சாப்பிடாதவர்கள் 100-க்கு 95 பேர்! ஆக, இது நம் லயத்து வீடுகளின் குறை மட்டும் அல்ல. நாடு முழுவதும் உள்ள குறை.

ஆனால் நம் வம்சாவளியினருக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் மாரடைப்பைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2004-இல் அதன் முடிவு வெளிவந்தது. அதிலிருந்து இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாட்டவர்களின் கணக்கைத் தனியாக எடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். மற்ற நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வந்திருக்கிறது. நம்மவர்களுக்கு 53 வயதிலேயே வந்துவிட்டது. சுமார் ஆறு ஆண்டு முந்திக்கொள்கிறது!

காரணம் என்ன? புகை, இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், கெட்ட கொழுப்பு, தொப்பை எல்லாம் இளவயதிலேயே வந்துவிடுவது பெரிய காரணம். தினமும் பழமும் காய்கறியும் சாப்பிடும் பழக்கம் நம்மவர்களிடம் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நோய் வராதவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தாலும், மற்ற நாடுகளில் 100-க்கு 45 பேருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. நம் நாடுகளின் பக்கம் 27 பேருக்குத்தான் இருந்தது.

53 வயது என்றால் என்ன? கடைசிப் பிள்ளை இன்னும் படித்துக்கொண்டிருக்கும். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்போம். தோட்டத்து வீடோ வேலையோடு ஒட்டியது. சம்பாதிக்கிற கை படுத்துவிட்டால் குடும்பமே ஆட்டம் காணும். பெர்கேசோ பணம் உதவும்; ஆனால் விழுந்த கையை அது தூக்கி நிறுத்தாது.

"உழைக்கிற உடம்புக்கு என்னங்க வரப்போகுது?"

மருந்து வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "டிரெஸ்ஸர் ஐயா, நான் விடிஞ்சதிலிருந்து மேடு ஏறி இறங்குறேன். தின்னதெல்லாம் வேர்வையாப் போயிடுது. எனக்கு எப்படிங்க கொதிப்பு வரும்?"

உழைப்பு இருதயத்துக்கு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உப்பை உழைப்பு அழிக்காது. பீடி, சிகரெட் புகையை உழைப்பு கழுவாது. சாப்பிடாத கீரையின் சத்தை உழைப்பு கொண்டுவந்து தராது. மேலே சொன்ன 52 நாட்டு ஆய்வில் உடலுழைப்பு ஒரு காரணமாகவும், பழம் காய்கறி வேறொரு காரணமாகவும் தனித்தனியே நின்றன. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

நம் நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரட்டுக்குப் போகுமுன் டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர், ரொட்டி. பத்து மணிக்கு மீண்டும் தேத்தண்ணீர், பிஸ்கட். மதியம் தூக்குச்சட்டியில் சோறு, குழம்பு, நெத்திலி சம்பல். இரவில் சோறு, கருவாடு, உருளைக்கிழங்கு பிரட்டல். அவசரமானால் மேகி மீ. இதில் காய்கறி எங்கே? "உருளைக்கிழங்கு இருக்கே!" என்பார்கள். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் சோற்றுக் கணக்கில் சேரும். காய்கறிக் கணக்கில் சேராது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு கத்தரிக்காயும் கணக்குக்குப் போதாது.

காய்கறி உடம்புக்குள் என்ன செய்கிறது?

மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பொட்டாசியம். இது கீரை, தக்காளி, வாழைப்பழம், பீன்ஸ் முதலியவற்றில் நிறைய உண்டு. உப்பில் உள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. பொட்டாசியமோ அந்தச் சோடியத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. இரத்தக் குழாயின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. நாம் ஒரு பக்கம் உப்பைக் கூட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் பொட்டாசியத்தைக் குறைத்துக்கொள்கிறோம். கொதிப்பு ஏறாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, நார்ச்சத்து. இது குடலில் பித்த நீரோடு சேர்ந்து கொழுப்பை வெளியே கொண்டுபோகிறது. இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது, இடம் பிடிப்பது. தட்டில் காய்கறி கூடினால் சோறும் கருவாடும் தானாகக் குறையும். வயிறு நிறையும், தொப்பை வராது.

இவையெல்லாம் வெறும் பேச்சு அல்ல. 1997-இல் அமெரிக்காவில் 459 பேருக்கு வாரக்கணக்கில் அளந்து சமைத்துப் போட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். உப்பின் அளவை மாற்றவில்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குப் பழமும் காய்கறியும் கூட்டிக் கொடுத்ததிலேயே கொதிப்பின் மேல் எண் சுமார் 7 இறங்கியது. அத்தோடு கொழுப்பைக் குறைத்து, கொழுப்பு நீக்கிய பால் வகையும் சேர்த்தபோது சுமார் 11 இறங்கியது. உலகில் நடந்த 95 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். தினமும் 200 கிராம் பழம், காய்கறி கூட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு இருதய நோய் ஆபத்து சுமார் 8 விழுக்காடும் பக்கவாத ஆபத்து சுமார் 16 விழுக்காடும் குறைவாக இருந்தன.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, குறைந்தது 400 கிராம். தராசு வேண்டாம். நம் நாட்டு உணவு வழிகாட்டி, தினமும் காய்கறி 3 பங்கு, பழம் 2 பங்கு என்கிறது. வெந்த கீரை அல்லது காய் அரைக் கோப்பை ஒரு பங்கு. ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு கீற்றுப் பப்பாளி, அல்லது பாதிக் கொய்யா ஒரு பங்கு.

இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக் சுவரில் 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஒரு தட்டுப் படம் ஒட்டியிருப்பார்கள். தட்டை மனத்தால் நான்காகப் பிரியுங்கள். ஒரு கால் பங்கு சோறு. ஒரு கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. மீதிப் பாதித் தட்டு காய்கறியும் பழமும். இன்றைக்கு நம் தட்டில் சோறு இருக்கும் இடத்தைக் காய்கறி பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஒரே நாளில் முடியாது. இந்த வாரம் ஒரு கரண்டியை இரண்டு கரண்டி ஆக்குங்கள். அடுத்த வாரம் மூன்று. சோற்றில் ஒவ்வொரு அகப்பையாகக் குறையுங்கள். மதியத் தூக்குச்சட்டியில் ஒரு வாழைப்பழம் போகட்டும்.

காசுக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. சம்பளத்தைப் பார்த்துத்தான் சமையல். ஆனால் ஸ்ட்ராபெரி வாங்கச் சொல்லவில்லை, அது சுற்றுலாக்காரர்களுக்கு. ஆப்பிளும் ஆரஞ்சும் கட்டாயமில்லை. முட்டைக்கோஸ், சாவி, பயாம் கீரை, சௌசௌ, பப்பாளி, வாழைப்பழம், கொய்யா இவையே போதும். ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குக் கொடுக்கும் வெள்ளியை எடுத்து வையுங்கள். வீட்டுக்கு இரண்டு நாள் கீரைக்கு ஆகும். சிகரெட்டை விட்டதால் இருதயத்துக்குக் கிடைக்கும் லாபம் தனி.

இன்னொன்று. பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் அளவு சிறுத்தது, கோணலாக விளைந்தது என்று லாரியில் ஏற்றாமல் ஒதுக்குவது உண்டு. சத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. பத்து வீடு சேர்ந்து வாரம் ஒரு தரம் மொத்தமாகக் கேட்டு வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் செலவு குறையும். கிளைத் தலைவர்கள் இதை முன்னின்று செய்யலாம். சந்தா வாங்குவதற்கும் கூட்டம் போடுவதற்கும் மட்டுமா சங்கம்?

வீட்டுப் பின்பக்கம் கையளவு மண் இருந்தாலும் கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள் வளரும். வேலி இருந்தால் சௌசௌ கொடி ஏறும். இந்தக் குளிருக்கு அவையெல்லாம் நன்றாக வரும். ஆனால் பூச்சிமருந்து வந்த டின்னிலும் பீப்பாயிலும் எக்காரணத்தைக் கொண்டும் செடி வைக்காதீர்கள், தண்ணீரும் பிடித்து வைக்காதீர்கள்.

"மருந்தடிச்ச காயாச்சே!"

இந்தப் பயத்தால் காய்கறியை ஒதுக்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மருந்தடிப்பதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் நாம். பயம் வருவது இயல்பு. அதற்காகக் காய்கறியையே விட்டுவிடுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல ஆகும். செய்ய வேண்டியவை:

1. ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கீரையை ஒவ்வோர் இலையாகப் பிரித்துக் கழுவுங்கள்.

2. முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துப் போடுங்கள். கேரட்டைச் சீவுங்கள்.

3. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். அது காய்க்குள் ஊறும்.

4. மருந்தடித்த பாத்தியில் குறித்த நாள் கழியும் முன் கீரை பறித்து வராதீர்கள். மருந்தடித்த உடுப்போடு சமையலறைக்குள் நுழையாதீர்கள்.

சமைக்கும் முறை

முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். கொஞ்ச நேரம் வேகவைத்தால் போதும். வெந்த தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியமும் அதோடு போகும். அந்தத் தண்ணீரைச் சாறாகவோ பருப்பிலோ சேர்த்துவிடுங்கள். பொரியலுக்கு எண்ணெய் ஒரு கரண்டி போதும். கெட்டித் தேங்காய்ப்பால் தினமும் வேண்டாம். பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள். சீனி போட்ட பழச்சாறு பழம் ஆகாது.

உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. அது ஒரு சிறு தேக்கரண்டி. நம் நாட்டில் நடத்திய ஓர் ஆய்வில் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவது தெரிந்தது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கீச்சாப், பெலாச்சான், மேகி மீயின் தூள் இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு கை கீரையைக் கூட்டி, இரண்டு கை கருவாட்டையும் கூட்டினால் லாபம் இல்லை. கருவாடு வாரத்தில் ஒரு நாள் போதும். புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, கொத்தமல்லி கூட்டினால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

இவர்கள் கேட்டுச் செய்யுங்கள்

சிறுநீரக வியாதி உள்ளவர்களும், இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களும் பொட்டாசியத்தை இஷ்டம் போலக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு அது இருதயத்தையே நிறுத்திவிடும். எந்தக் காய், எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். 'உப்புக்குப் பதில் உப்பு' என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம் இருக்கும். அதுவும் இவர்களுக்கு ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் பழம் சாப்பிடலாம். ஒரு நேரத்துக்கு ஒரு பங்கு, அதுவும் முழுப் பழமாக.

எல்லாரும் ஞாபகத்தில் வைக்க வேண்டியது ஒன்று. கீரை சாப்பிடுகிறேன் என்று கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எண் குறைந்தால் மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

நேரம் தவறினால்

எனக்குத் தெரிந்த ஒருவர், வயது 46. கொதிப்பு இருப்பது தெரியும். "தலை சுத்தல் ஒண்ணும் இல்லையே" என்று மாத்திரையை விட்டிருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் குவளை கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. "வாயு பிடிச்சிருக்கு" என்று வீட்டார் எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மத்தியானம். உயிர் தப்பியது, வலது கை இன்றுவரை முழுசாக எழவில்லை. அவர் மனைவிதான் இப்போது வேலைக்குப் போகிறார்.

ஆகவே இதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சு குழறுதல் இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சை அழுத்துவது போல வலி, அது இடது தோளுக்கோ தாடைக்கோ ஏறுதல், குளிர்ந்த வியர்வை இவை மாரடைப்பின் அறிகுறி. எண்ணெய் தேய்க்காதீர்கள், சோடா கொடுக்காதீர்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். மூளைக் குழாயில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். மலைச் சாலையில் ஒவ்வொரு வளைவும் நேரத்தைத் தின்கிறது. அதனால் முதலில் தெரிந்த நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

இந்த மாத வேலை

தோழர்களே, படித்துவிட்டு இதழை மடித்து வைத்தால் பயன் இல்லை. மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: 30 வயது கடந்தவர் அனைவரும் இந்த மாதமே இரத்த அழுத்தம் பார்த்து, எண்ணை ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். கொதிப்பு சத்தம் போட்டு வராது; பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு: இன்றிரவுச் சாப்பாட்டில் காய்கறியை முதலில் பரிமாறுங்கள், சோற்றைப் பிறகு. தாய்மார்களே, ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போக மீதி கீரையை உங்களுக்கு என்று வைக்காதீர்கள். உங்கள் தட்டிலும் பாதி பச்சையாக இருக்கட்டும். மாரடைப்பு ஆண் பெண் பார்த்து வருவதில்லை.

மூன்று: அடுத்த கிளைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டு வாருங்கள். வீடுகள் சேர்ந்து காய்கறி வாங்கும் ஏற்பாடு ஒன்று. கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் அப்பளம், ஊறுகாய் இருக்கும் இலையில் இரண்டு காயும் ஒரு பழமும் கட்டாயம் என்பது இன்னொன்று. கூடவே, புதிதாக வந்து நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத் தோழர்களுக்கும் நேபாளத் தோழர்களுக்கும் இந்தக் கட்டுரையில் உள்ளதைச் சொல்லுங்கள். மேலே சொன்ன 53 வயதுக் கணக்கில் அவர்கள் நாடும் இருக்கிறது.

கூலிக்குப் போராட ஆள் வேண்டும், தோழர்களே. கூட்டிய கூலியை அனுபவிக்கவும் ஆள் வேண்டும். அதற்கு முதலில் நாம் உயிரோடு, கை கால் விழாமல் இருக்க வேண்டும். மலை கொடுக்கிறது, வாங்கிச் சாப்பிடுவோம்.